கேட்பாரற்ற சரக்கை யார் விற்பது? லோயர் கேம்ப்பிலிருந்து ஒரு சட்ட வாசிப்பு

1. லாரி நிற்கும் ஊர்

கூடலூரைத் தாண்டிக் குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது லோயர் கேம்ப். பெரியாறு அணை கட்டிய காலத்து முகாமின் பெயர் அப்படியே ஊர்ப்பெயராகத் தங்கிவிட்டது. அந்த அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் மணிமண்டபத்தையும், மலைமேலிருந்து குழாய்களில் இறங்கும் நீரில் மின்சாரம் எடுக்கும் பவர் ஹவுஸையும் பார்க்க வருகிறவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு: இது லாரிகள் நிற்கும் ஊர். தக்காளி, வெங்காயம், வாழைத்தார், திராட்சை, தேங்காய், அரிசி என்று கேரளத்துக்கு ஏறும் சரக்கும், ஏலக்காயும் மிளகுமாக இறங்கும் சரக்கும் இந்த அடிவாரத்தைக் கடக்கின்றன. மழைக்காலத்தில் மலைச்சாலையில் மண் சரியும். சபரிமலை சீசனில் பாதையை ஒருவழியாக்கி, மேலே போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகச் சுற்றவிடுவார்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் முற்றியபோது குமுளி வழிப் போக்குவரத்து நாள்கணக்கில் நின்றது. 2020 மார்ச் ஊரடங்கிலும் எல்லை இறுகியது.

லாரி நின்றால் சரக்கு தேங்கும். சில சமயம் லாரி போய்ச் சேர்ந்த பிறகும் சரக்கு தேங்கும். விலை சரிந்துவிட்டது, சரக்கு அடிபட்டு வந்திருக்கிறது, கடையை மூடியாகிவிட்டது என்று ஏதோ ஒரு காரணத்தால் வாங்க வேண்டியவர் வரமாட்டார். குடோனில் மூட்டை கிடக்கும். வாடகை வராத மூட்டை. அதை லாரி நிறுவனம் விற்கலாமா? எப்போது, எப்படி, யார் கணக்கில் விற்கலாம்? விற்று மிஞ்சிய பணம் யாருக்கு? இந்தக் கேள்விகளுக்கு இந்தியச் சட்டம் 2007இல் ஒரு விடை எழுதியது. அந்த விடை எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. லோயர் கேம்ப்புக்கு ரயில் கிடையாது. திண்டுக்கல்–லோயர் கேம்ப் அகல ரயில் பாதை வேண்டும் என்பது இப்பகுதி மக்களின் நெடுநாள் கோரிக்கை. 2010 கடைசியில் மூடப்பட்ட மதுரை–போடி பாதை அகலப்படுத்தப்பட்டு, 2022இல் தேனி வரையிலும் 2023இல் போடி வரையிலும் திரும்பத் திறக்கப்பட்டது. கம்பம் பக்கம் அது திரும்பவில்லை. ரயில் இல்லாததால் இங்கே இழப்பு பயண நேரத்தோடு முடிவதில்லை, சட்டப் பாதுகாப்பிலும் ஓர் இழப்பு உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

2. பிடித்து வைக்கலாம், விற்க முடியாது

வாடகை தராதவரின் சரக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் பற்றுரிமை என்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, ஒப்படைக்கப்பட்ட பொருளில் உழைப்பையோ திறனையோ செலவிட்டவருக்கு, கூலி கிடைக்கும்வரை அந்தப் பொருளை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. 171ஆம் பிரிவு இன்னும் விரிந்தது. பழைய பாக்கிக்கும் சேர்த்துப் பிடித்து வைக்கலாம் என்று வங்கியர், கப்பல்துறைக் கிட்டங்கிக்காரர் முதலிய சிலருக்கு மட்டும் சலுகை தரும் அந்தப் பட்டியலில் சரக்கு ஏற்றிச் செல்வோர் இல்லை. ஆகவே, சென்ற மாதப் பாக்கிக்காக இந்த மாத மூட்டையைப் பிடித்து வைப்பது, தனியாக ஒப்பந்தம் இல்லாதவரை, சட்டப்படி செல்லாது. நடைமுறை வேறு என்பது தெரிந்ததே.

எப்படியிருந்தாலும் பற்றுரிமை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் உரிமைதான். பொருளைத் தராமல் இருக்கலாம். விற்றுப் பணமாக்க முடியாது. அடகு பிடித்தவருக்கு விற்கும் அதிகாரத்தை 176ஆம் பிரிவு தருகிறது; ஏற்றிச் செல்வோருக்கு அப்படியொன்றும் தரவில்லை. இத்துறைக்கென்றே எழுதப்பட்ட 1865ஆம் ஆண்டு கேரியர்ஸ் சட்டம் சரக்குத் தொலைந்தால் யார் பொறுப்பு என்று பேசியதே ஒழிய, கேட்பாரற்றுக் கிடந்தால் என்ன செய்வது என்று வாயே திறக்கவில்லை.

ஆனால் அதே 1872 சட்டத்தில், கண்டுகொள்ளப்படாமல் கிடக்கும் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்று 169. தொலைந்த பொருளைக் கண்டெடுத்தவர், உரிமையாளர் கிடைக்காவிட்டாலோ செலவைத் தர மறுத்தாலோ, இரண்டு நிலைகளில் அதை விற்கலாம்: பொருள் கெட்டுப்போகும் அல்லது மதிப்பில் பெரும்பகுதியை இழக்கும் ஆபத்து இருந்தால், அல்லது அவருக்குச் சேர வேண்டிய செலவு பொருளின் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எட்டிவிட்டால். தெருவில் கண்டெடுத்தவனுக்குக்கூட ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று 189. நெருக்கடியில் தன்னை நியமித்தவரை நட்டத்திலிருந்து காக்க, ஒரு விவேகி தன் சொந்தப் பொருளுக்கு என்ன செய்வாரோ அதையெல்லாம் முகவர் செய்யலாம் என்கிறது இது. சட்டமே தரும் எடுத்துக்காட்டு சுவையானது. ஒருவர் உணவுப்பொருளைக் கல்கத்தாவிலிருக்கும் முகவருக்கு அனுப்பி, உடனே கட்டாக்குக்கு அனுப்பச் சொல்கிறார். கட்டாக் போய்ச் சேருவதற்குள் அது கெட்டுவிடும் என்றால், முகவர் கல்கத்தாவிலேயே விற்றுவிடலாம். கல்கத்தா இருக்கும் இடத்தில் லோயர் கேம்ப்பையும், கட்டாக் இருக்கும் இடத்தில் கோட்டயத்தையும் வைத்துப் படித்தால் இந்தக் கட்டுரையின் கேள்வி கிடைத்துவிடும். லாரி நிறுவனம் அந்த அர்த்தத்தில் 'முகவர்' ஆகுமா என்பதுதான் சிக்கல்.

ஆங்கிலேய நீதிமன்றங்கள் ஆகும் என்றன, ஆனால் கடிவாளம் போட்டு. சாண்டி ரயில் நிலையத்துக்கு வந்திறங்கிய குதிரையை அழைத்துப்போக ஆள் வரவில்லை. ரயில் கம்பெனி அதை லாயத்தில் கட்டித் தீனி போட்டது; அந்தச் செலவை உரிமையாளரிடம் வாங்கலாம் என்று 1874இல் தீர்ப்பானது. பின்னால் வந்த ஸ்பிரிங்கர் வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஜெர்சி தீவிலிருந்து லண்டன் சந்தைக்குப் புறப்பட்ட தக்காளி, புயலாலும் வேலைநிறுத்தத்தாலும் வேமத் துறைமுகத்தில் தேங்கியது. அழுகத் தொடங்கியதைப் பார்த்த ரயில் கம்பெனி உள்ளூரிலேயே விற்றுவிட்டது. அது தவறு என்றது நீதிமன்றம். தக்காளி அழுகியதில் யாருக்கும் சந்தேகமில்லை. உரிமையாளருக்குத் தகவல் சொல்ல வழி இருந்தும் சொல்லாமல் விற்றதே குற்றம். தந்தியை நம்பியிருந்த காலத்தின் தீர்ப்பு இது. கிளீனர் கையிலும் செல்போன் இருக்கும் நம் காலத்தில் இதன் கனம் கூடியிருக்கிறது.

3. 2007 சட்டத்தின் 15ஆம் பிரிவு

1865 சட்டத்தை அகற்றிவிட்டு வந்த சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007, நடைமுறைக்கு வந்தது 2011 மார்ச் 1இல். புக்கிங் ஆபீஸ், ஏஜென்ட், புரோக்கர், கூரியர் என்று எல்லோரையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. அரசை மட்டும் வெளியே விட்டது. விற்கும் அதிகாரத்தை முதன்முறையாக வெளிப்படையாகத் தந்ததும் இதுதான்.

15ஆம் பிரிவின் ஓட்டம் இப்படி. சரக்கு வந்துவிட்டது என்று நிறுவனம் அறிவிக்கிறது. அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பெறுநர் எடுக்காவிட்டால் அது கோரப்படாத சரக்காகக் கருதப்படும். அழுகும் பொருளுக்கு 30 நாள் கிடையாது. அறிவிப்பு சேர்ந்து 24 மணி நேரம், அல்லது அனுப்புநரும் நிறுவனமும் தமக்குள் பேசிக்கொண்ட அதைவிடக் குறைந்த நேரம். அதன் பிறகு அழுகும் பொருளை விற்கலாம். அழுகாத பொருளென்றால் இரண்டாவது அறிவிப்பு ஒன்று வேண்டும்: கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் எடுத்துப்போகச் சொல்லி. அதற்கும் அசையாவிட்டால் மேற்கொண்டு சொல்லாமல் விற்கலாம். வாடகை, குடோன் கட்டணம், விற்பனைச் செலவு போக மீதியைப் பெறுநருக்கோ அனுப்புநருக்கோ திருப்பித் தர வேண்டும்.

லாரி ஆபீஸ்களில் புழங்கும் பொதுப்புரிதல் இதில் பாதிதான்: 'ஒரு மாசம் ஆனா வித்துக்கலாம்.' 30ஆம் நாளில் விற்கும் உரிமை பிறப்பதில்லை; இரண்டாவது நோட்டீஸ் அனுப்பும் கட்டம் பிறக்கிறது. இரண்டு கெடுவையும் தபால் நாள்களையும் கூட்டினால் ஒன்றரை மாதத்துக்குக் குறையாது. அந்தப் படியைத் தாண்டிக் குதித்து விற்றால், அது சட்டம் தந்த அதிகாரத்தால் நடந்த விற்பனை ஆகாது. பிறர் பொருளைத் தன் பொருளாக்கிக்கொண்டதாகிவிடும். கெட்ட எண்ணமும் சேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு வரும். ஏற்றிச் செல்பவர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு ஏழாண்டு வரை சிறை.

'அழுகும் பொருள்' எது என்று சட்டம் வரையறுக்கவில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கு இந்தச் சந்தேகம் எழாது. ஏலக்காய்க்கு எழும். ஏலக்காய் அழுகாது. ஆனால் காற்றும் ஈரமும் பட்ட மூட்டையில் பச்சை நிறம் வெளிறும். நிறம் போனால் ரகம் போகும், ரகம் போனால் விலை போகும். போடி வியாபாரியைக் கேட்டால் நிறம் போன காய் செத்த காய் என்பார். 1872 சட்டம் 'மதிப்பில் பெரும்பகுதியை இழக்கும்' பொருளையும் சேர்த்தே யோசித்தது. 2007 சட்டம் அழுகல் என்ற ஒற்றைச் சொல்லில் நின்றுவிட்டது. பின்னோக்கிப் போன இடம் இது என்பதே என் கருத்து.

நான்காவது உட்பிரிவுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. பெறுநர் வருகிறார், ஆனால் வாடகையைக் கட்டவில்லை. அப்போது வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனம் தன் பாக்கியை வசூலிக்கச் சரக்கின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ நிறுத்திவைக்கலாம் அல்லது விற்றுத் தீர்க்கலாம். எத்தனை நாள் கெடு? சொல்லவில்லை. நோட்டீஸ்? சொல்லவில்லை. மிச்சப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும் மூன்றாவது உட்பிரிவோ, இரண்டாவது உட்பிரிவின்படி நடந்த விற்பனையை மட்டுமே சுட்டுகிறது. எழுத்துக்கு எழுத்து படித்தால், வராதவருக்கு 45 நாளும் மிச்சப் பணமும் உண்டு. வந்து, வாடகைக் கணக்கில் தகராறு செய்தவருக்கு இரண்டும் இல்லை. 'பாக்கியை வசூலிக்க' என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு, பாக்கிக்கு மேல் வந்த பணம் நிறுவனத்துடையதல்ல என்று வாதாடலாம், வாதாட வேண்டும். ஆனால் பத்து மூட்டைக்காக வாதாடப் போகிறவர் எத்தனை பேர்?

4. நோட்டீஸ் போய்ச் சேரும் முகவரி

கம்பத்திலிருந்து ஒரு விவசாயி எர்ணாகுளம் மண்டிக்கு வாழைத்தார் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 'டூ பே', அதாவது வாங்குகிறவர் தர வேண்டும். மண்டிக்காரர் விலை சரிந்ததைப் பார்த்து 'எனக்கு வேண்டாம்' என்கிறார். சட்டப்படி நோட்டீஸ் யாருக்கு? அழுகாத பொருளுக்கே, முதலில் பெறுநருக்கு. பெறுநர் கிடைக்காவிட்டால்தான் அனுப்புநருக்கு. அழுகும் பொருளின் 24 மணி நேர அறிவிப்பு யாருக்கு என்று தெளிவாக எழுதவே இல்லை. மண்டிக்காரர் கிடைக்கிறார், கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நோட்டீஸ் கொடுத்தால் சட்டம் நிறைவேறிவிட்டது. சரக்கைக் கைவிட்டவருக்குத் தகவல் போகிறது. பணம் போட்டுப் பயிரிட்டவருக்குப் போகவில்லை.

1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் இங்கே குறுக்கே வருகிறது. வாங்குபவர் சரக்கை நிராகரித்து, அது ஏற்றிச் செல்பவர் கையிலேயே இருந்தால், பயணம் முடிந்ததாகக் கொள்ள முடியாது என்கிறது 51ஆம் பிரிவு. வாங்குபவர் நொடித்துப்போயிருந்தால், பணம் வராத விற்பனையாளர் சரக்கை வழியில் நிறுத்தித் திரும்பப் பெறலாம். ஒரு சட்டம் அனுப்பியவருக்கு உரிமை தருகிறது. இன்னொரு சட்டம் அந்த உரிமை உயிரோடிருக்கும்போதே அவருக்குச் சொல்லாமல் விற்க இடம் தருகிறது. அனுப்பியவர் விஷயம் தெரிந்து நட்டஈடு கேட்கக் கிளம்பினால், புக்கிங் நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. தொலைந்ததற்கும் சேதத்துக்குமான கெடு இது. முறைகேடான விற்பனைக்கும் இதைக் காட்டி நிறுவனங்கள் வாதிடும் என்று எதிர்பார்க்கலாம்.

5. ஏலம் இல்லாத விற்பனை

ரயிலில் போன சரக்குக்கு என்ன நடக்கும்? 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 83, 84ஆம் பிரிவுகள்படி கோரப்படாத, அழுகாத சரக்கைப் பொது ஏலத்தில் விற்க வேண்டும். குறைந்தது ஏழு நாள் முன்னதாக உள்ளூர் நாளிதழில் அறிவிக்க வேண்டும். அழுகும் சரக்கை உடனே விற்கலாம். அங்கே ஏலம் இல்லை. ஆனால் ரயில்வேயின் கணக்குக்குத் தணிக்கை உண்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்கலாம். துறைமுகத்தில் தேங்கும் இறக்குமதிச் சரக்குக்கு 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம்: இறக்கி 30 நாளில் எடுக்காவிட்டால், உரியவருக்கு அறிவித்து, சுங்க அதிகாரியின் அனுமதியோடு விற்கலாம். வந்த பணத்தில் எது முதலில், எது அடுத்து என்று 150ஆம் பிரிவு வரிசை போட்டிருக்கிறது. உரிமையாளருக்குத் தர முடியாத மிச்சம் அரசுக்குப் போகும்.

சாலைச் சட்டத்தில் இவை எதுவும் இல்லை. ஏலம் வேண்டியதில்லை, மூன்றாம் ஆள் பார்க்க வேண்டியதில்லை. தன் சொந்தக்காரருக்கே விற்றாலும் தடை எழுதப்படவில்லை. மிச்சத்தை எத்தனை நாளில் தர வேண்டும், வாங்க ஆள் இல்லாவிட்டால் எங்கே செலுத்த வேண்டும் என்பதும் இல்லை. ஆள் வராத மிச்சம் லாரி நிறுவனத்தின் கல்லாவிலேயே தங்கும். குடோன் கட்டணத்துக்கும் உச்சவரம்பு கிடையாது என்பதால், மிச்சம் இருக்குமா என்பதையே நிறுவனம்தான் தீர்மானிக்கிறது.

எதிர்வாதத்தையும் எடைபோட வேண்டும். ஒரு மேஜை, ஒரு குமாஸ்தா, நான்கு லோடுமேன்கள் என்று நடக்கும் புக்கிங் ஆபீஸிடம் பத்திரிகை விளம்பரம் கொடுத்து ஏலம் விடச் சொன்னால், விளம்பரச் செலவு சரக்கின் விலையைத் தின்றுவிடும். நியாயமான வாதம். ஆனால் ஏலம் ஒன்றே வழியல்ல. 1977ஆம் ஆண்டு ஆங்கிலேயச் சட்டம் ஒன்று இதற்கு எளிய தீர்வு கண்டது. ஒப்படைக்கப்பட்ட பொருளை விற்பவர் எப்படி வேண்டுமானாலும் விற்கட்டும். கணக்குப் பார்க்கும்போது, அந்தச் சூழலில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த முறையில் விற்றிருந்தால் என்ன வந்திருக்குமோ அந்தத் தொகைக்குக் கணக்குக் காட்ட வேண்டும். விற்பவரின் கையைக் கட்டாமலே அவரை நேர்மையாக்கும் வழி இது. தேங்காயை மண்டி விலைக்கு விற்றேன் என்று அன்றைய சீட்டைக் காட்டினால் போதும். பாதி விலைக்குத் தெரிந்தவரிடம் தள்ளிவிட்டால் மீதிப் பாதிக்கு விற்றவரே பொறுப்பு.

6. வழியிலேயே நின்றால்

இதுவரை சொன்னதெல்லாம் போய்ச் சேர்ந்த சரக்கைப் பற்றி. லோயர் கேம்ப்பின் உண்மையான சிக்கல் போய்ச் சேராத சரக்கு. 2011 டிசம்பரில் இங்கே நின்ற லாரிகளுக்கு 15ஆம் பிரிவு ஒன்பது மாதமாக நடைமுறையில் இருந்தது. ஆனால் அவற்றுக்கு அது உதவக்கூடியதல்ல. பெறுநர் தவறினால்தான் அந்தப் பிரிவு பேசும். சாலை மறிக்கப்பட்டபோது பெறுநர் எதிலும் தவறவில்லை. தன் கடையில் காத்திருந்தார்.

ரயில்வே சட்டத்தின் 85ஆம் பிரிவு இதையே நினைத்து எழுதப்பட்டது. வெள்ளம், மண்சரிவு, விபத்து, வேறெந்தக் காரணத்தாலும் பாதை அடைபட்டு, சீக்கிரம் திறக்கும் வாய்ப்போ சுற்றுவழியோ இல்லாவிட்டால், அழுகும் சரக்கை வழியிலேயே விற்கலாம், மிச்சம் உரியவருக்கு. மண்சரிவு என்ற சொல்லே அதில் இருக்கிறது. தண்டவாளமே இல்லாத லோயர் கேம்ப்புக்குப் பொருந்தும் பிரிவு ரயில்வே சட்டத்தில் கிடக்கிறது; மலைச்சாலைக்கென்று எழுதிய சட்டத்தில் அதன் சாயல்கூட இல்லை. தொடக்கத்தில் சொன்ன இழப்பு இதுதான்.

ஆகவே நின்ற லாரியின் ஓட்டுநருக்கு மிஞ்சுவது 1872 சட்டத்தின் 189ஆம் பிரிவும் ஜெர்சி தக்காளியும்தான். கேட்டுவிட்டு விற்க வேண்டும். கேட்க முடியாத நிலையில், தன் பொருளாக இருந்தால் எப்படி விற்பாரோ அப்படி விற்க வேண்டும். அடுத்துள்ள கூடலூரிலோ கம்பத்திலோ சந்தை விலைக்கு விற்று, சீட்டை வைத்திருந்தால் அவர் பக்கம் நியாயம் நிற்கும். இங்கே சுற்றுவழிக் கேள்வியும் எழும். குமுளி அடைபட்டால் கம்பம்மெட்டு உண்டு, போடிமெட்டு உண்டு. அவை திறந்திருந்தும் சுற்றிப் போகும் டீசலை மிச்சம் பிடிக்க அடிவாரத்திலேயே விற்றிருந்தால், நெருக்கடி என்ற சாக்கு நிற்காது.

7. சட்டம் திருந்தும்வரை

விற்கும் அதிகாரத்தைப் பறிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாத 1865 சட்டத்தின் காலத்தில் சரக்கு அழுகியது, குடோன் நாறியது, யாருக்கும் பயனில்லை. நான்காவது உட்பிரிவுக்குக் கெடுவும் மிச்சப் பணமும் வேண்டும்; அதற்கு நாடாளுமன்றம்தான் போக வேண்டும். அனுப்புநருக்கும் சேர்த்தே அறிவிப்பது, விற்பனைக் கணக்கை எழுத்தில் தருவது போன்றவற்றை விதிகள் வழியாகவே ஒன்றிய அரசு கொண்டுவர முயலலாம்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. சரக்கை ஒப்படைக்கும்போது அனுப்புநர் எழுதித்தர வேண்டிய படிவம் ஒன்றை 8ஆம் பிரிவு கேட்கிறது. பெரும்பாலும் லாரி ஆபீஸ் குமாஸ்தாவே நிரப்பி, நாம் கையெழுத்துப் போடும் தாள். அழுகும் பொருளுக்கான நேரத்தை இரு தரப்பும் பேசி முடிவுசெய்யலாம் என்று 15ஆம் பிரிவே சொல்வதால், அந்த நேரத்தோடு இன்னும் இரண்டு வரியை அதே தாளில் எழுதுவதற்குத் தடையேதுமில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிகளும் மண்டி வியாபாரிகளும் இனி சரக்கு ஏற்றும்போது அந்த இரண்டு வரியையும் கேட்டு எழுத வையுங்கள்: சரக்கு நின்றால் முதலில் கூப்பிட வேண்டிய உங்கள் செல்போன் எண், விற்றே ஆக வேண்டுமென்றால் எந்தச் சந்தையில் விற்க வேண்டும் என்பது.